நீண்ட விமானப் பயணம்: சீட்டைப் பார்க்கும் முன் அதைச் சுற்றிப் பாருங்கள்

12 மணி நேரப் பயணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. அடுத்து சின்னச் சின்னக் கட்டங்களாக சீட் வரைபடம் விரிகிறது. முதல்முறை தொலைதூரம் பறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு அதைப் பார்ப்பார்கள்: ஜன்னல் கிடைக்குமா? கிடைத்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் ஏதோ ஒன்று. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு அது போதும். சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, கழிப்பறைக்குப் போய் வந்து பாதி நாளைக் கழிக்கப்போகும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எகானமி வகுப்பில் ஒரு வரிசையில் இருக்கும் சீட்டுக்கும் பத்து வரிசை தள்ளி இருக்கும் சீட்டுக்கும் பொருளாக அநேகமாக எந்த வித்தியாசமும் இல்லை. அதே மெத்தை, அதே கைப்பிடி, அதே திரை. வித்தியாசம் முழுக்கச் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. முன்னால் சுவரா இன்னொரு சீட்டா? பின்னால் கழிப்பறையா? நீங்கள் எழுந்து வெளியே வர எத்தனை பேரை எழுப்ப வேண்டும்? உங்களை எத்தனை பேர் எழுப்புவார்கள்? இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்திலேயே பதில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் விமானம் எது?

டிக்கெட் விவரத்தில் விமானத்தின் வகை எழுதியிருக்கும். போயிங் 777, ஏர்பஸ் ஏ350 என்பது போல. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் உங்கள் தோளுக்கு எவ்வளவு இடம் என்பதைப் பெரும்பாலும் இதுதான் முடிவு செய்கிறது.

தொலைதூர விமானங்களில் பெரும்பாலானவை உள்ளே இரண்டு நடைபாதைகள் கொண்ட அகலமான விமானங்கள். ஒரு வரிசையில் சீட்டுகள் மூன்று தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. 3-3-3 என்றால் வரிசைக்கு 9 பேர், 3-4-3 என்றால் 10 பேர், 2-4-2 என்றால் 8 பேர்.

போயிங் 777 சேவைக்கு வந்த 1995-ஐ ஒட்டிய காலத்தில் எகானமியில் வரிசைக்கு 9 சீட் என்பதே வழக்கம். அப்புறம் பல நிறுவனங்கள் அதே அகலத்துக்குள் 10 சீட்டுகளை வைத்துவிட்டன. விமானத்தின் உடல் அகலமாகவில்லை. சீட்டும் நடைபாதையும்தான் ஒடுங்கின. சீட்டின் அகலம் 18 அங்குலத்துக்கு மேல் இருந்தது, இன்று பெரும்பாலான 777-களில் 17 அங்குலத்தை ஒட்டி வந்துவிட்டது. போயிங் 787-இலும் இதே கதை. 8 சீட் வைத்தால் தாராளமாக இருக்கும் விமானத்தில் ஏறக்குறைய எல்லோரும் 9 வைக்கிறார்கள். சர்வதேச வழித்தடங்களில் இன்றும் 8 சீட்டோடு ஓட்டும் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஒரு நல்ல விதிவிலக்கு. ஏர்பஸ் ஏ350-இல் வழக்கமான 3-3-3 அமைப்பிலும், ஏ330-இன் 2-4-2 அமைப்பிலும் ஏறக்குறைய 18 அங்குலம் கிடைக்கும். ஏ380-உம் அதே அளவுக்குத் தாராளம், சத்தமும் குறைவு.

ஒரு அங்குலம்தானே என்று நினைக்கலாம். பக்கத்தில் இருப்பவரின் தோளும் உங்கள் தோளும் இரவு முழுக்க உரசிக்கொண்டே இருப்பதா, இடையில் கொஞ்சம் காற்று இருப்பதா என்பதை அந்த ஒரு அங்குலம் முடிவு செய்கிறது. ஒரே ஊருக்கு, ஒரே கட்டணத்தில் இரண்டு விமானங்கள் இருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொரு அளவு, சீட்டுகளுக்கு இடையேயான தூரம். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை அளப்பார்கள். தொலைதூர எகானமியில் 31 அல்லது 32 அங்குலம் சாதாரணம். ஆனால் அது முழுவதும் காலுக்கான இடம் இல்லை, சீட்டின் முதுகுப் பகுதியின் தடிமனும் அதில் சேர்ந்தே வருகிறது. அதனால் 31 அங்குலத்தில் மெல்லிய புது சீட் இருந்தால், 32 அங்குலத்தில் இருக்கும் பழைய தடித்த சீட்டைவிட முழங்காலுக்கு அதிக இடம் கிடைக்கலாம்.

777, 787, ஏ350 எல்லாமே எகானமியில் பக்கவாட்டில் ஒரே மாதிரி எழுத்துகளைப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். இடப்பக்கம் ஏ, பி, சி. நடுவில் டி-யில் தொடங்கும். வலப்பக்கம் எச், ஜே, கே. ஐ என்ற எழுத்தை விட்டுவிடுவார்கள், 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால். ஆகவே ஏ, கே இரண்டும் ஜன்னல், சி, டி, எச் மூன்றும் நடைபாதை ஓரம். நடுவில் நான்கு சீட் இருந்தால் ஜி-யும் நடைபாதை ஓரம்தான். பி என்று போர்டிங் பாஸில் வந்தால் பெரும்பாலும் இருவருக்கு நடுவில்தான் உட்காரப் போகிறீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் சின்ன மாற்றங்கள் இருக்கும், ஆனாலும் இந்தக் கணக்கு பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஜன்னலா, நடைபாதையா?

நீங்கள் எப்படித் தூங்குவீர்கள், எத்தனை முறை எழுவீர்கள் என்பதுதான் இதற்கு விடை. சாய்ந்துகொள்ளச் சுவர் இருந்தால்தான் தூக்கம் வரும், ஆறேழு மணி நேரம் எழாமல் இருக்க முடியும் என்பவர்களுக்கு ஜன்னல். யாரும் உங்களைத் தாண்டிப் போக மாட்டார்கள், ஜன்னல் மூடியும் உங்கள் கட்டுப்பாட்டில். ஆனால் 787-இல் இழுத்து மூடும் மூடியே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மெல்லக் கருக்கும், அதை விமானப் பணியாளர்கள் மொத்தமாகக் கட்டுப்படுத்தவும் முடியும். நடு வானில் மலைகளைப் பார்க்க ஆசைப்பட்டு ஜன்னல் எடுத்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

அடிக்கடி எழுபவர்களுக்கும் கால் நீண்டவர்களுக்கும் நடைபாதை ஓரம் நல்லது. இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா நடைபாதை ஓர சீட்டும் ஒன்றல்ல.

3-3-3 விமானத்தில் இடப்பக்கத் தொகுதியின் சி சீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒருவர், ஜன்னலோரம் ஒருவர். இருவருக்கும் வெளியே போக வேறு வழியில்லை, உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். 12 மணி நேரத்தில் இருவரும் தலா மூன்று முறை எழுந்தால், போகும்போதும் வரும்போதும் சேர்த்து 12 முறை நீங்கள் காலை ஒடுக்க வேண்டும், அல்லது எழுந்து நிற்க வேண்டும். அதே வரிசையில் நடுத் தொகுதியின் டி சீட்டைப் பாருங்கள். உங்களுக்கு அடுத்து இருப்பவர் ஒருவர்தான், அவரும் மறுபக்கம் போகலாம். பாதி நேரம் அவர் அந்தப் பக்கம் போய்விடுவார். 3-4-3 விமானத்திலும் நடுத் தொகுதியின் ஓரத்தில் இருப்பவரைத் தாண்டப்போவது பெரும்பாலும் ஒரே ஒருவர், ஏனென்றால் நடுவில் இருக்கும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோவார்கள்.

ஆகவே, நடைபாதை வேண்டும், தூக்கமும் வேண்டும் என்றால் நடுத் தொகுதியின் ஓர சீட்டை எடுங்கள். ஜன்னல் பக்கத் தொகுதியைத்தான் மக்கள் முதலில் தேடுவார்கள், அதனால் இது பல சமயம் கடைசி வரை காலியாகவும் இருக்கும். தனியாகப் பறப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த சீட்டைத்தான்.

நடைபாதை ஓரத்துக்குக் குறைகளும் உண்டு. உணவு வண்டி போகும்போது முழங்கை வெளியே நீட்டியிருந்தால் இடிக்கும். இருட்டில் கழிப்பறைக்குப் போகிறவர்கள் தடுமாறி உங்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். சின்னச் சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும் உடம்பு என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம் பற்றியும் ஒரு வார்த்தை. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பின் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அறிக்கை சொன்னது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஆபத்து அப்போதும் மிகக் குறைவுதான். ஆனால் கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பே ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தயங்காமல் எழுந்து நடக்க வசதியான நடைபாதை ஓரத்தை எடுப்பது நல்லது. ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூச்சப்பட்டு எழாமலே இருந்துவிடுகிறார்கள். அந்தக் கூச்சம்தான் இங்கே சிக்கல்.

அதே சமயம், சளி, காய்ச்சல் பரவுவதற்குப் பயந்தால் ஜன்னல் பக்கம் ஒரு புள்ளி கூடுதல். அமெரிக்காவில் 10 விமானங்களில் பயணிகளின் நடமாட்டத்தைக் கவனித்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜன்னலோரத்தில் எழாமல் இருப்பவர்களுக்கு அருகே வந்துபோகிறவர்கள் குறைவு என்று தெரிந்தது.

அவசரவழி வரிசையும் சுவர் வரிசையும்

இந்த இரண்டையும் "கால் நீட்ட நிறைய இடம்" என்று சொல்லிக் கூடுதல் பணத்துக்கு விற்கிறார்கள். இடம் இருப்பது உண்மைதான். அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியவையும் உண்டு.

அவசரவழிக் கதவுக்கு எதிரே உள்ள வரிசையில் முன்னால் சீட் இல்லை. அதனால் சாப்பாட்டுத் தட்டும் திரையும் கைப்பிடிக்குள் மடிந்திருக்கும். கைப்பிடி தடிமனாகி, தூக்க முடியாதபடி இறுகியும் இருக்கும். சீட்டின் அகலம் கொஞ்சம் குறையும். உடல்வாகு பெரியவர்களுக்கு இது கால் இடத்தின் பலனையே இல்லாமல் செய்துவிடும். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க அனுமதி இல்லை, எல்லாம் மேலே போக வேண்டும். கதவை ஒட்டிய சீட்டில் கதவின் உட்புறம் புடைத்துக்கொண்டு காலுக்கு முன்னால் வந்து நிற்கலாம், கதவருகே குளிரும் அதிகம். கழிப்பறையும் அங்கேதான் இருக்கும் என்பதால், கால் நீட்ட வந்தவர்கள் உங்கள் முன்னால் கூடி நின்று பேசுவார்கள்.

அதோடு, இந்த வரிசையில் உட்காருபவருக்குப் பொறுப்பும் உண்டு. அவசர நேரத்தில் பணியாளர்களின் சொல்படி உதவ முடிந்தவராக இருக்க வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், நடக்கச் சிரமப்படுபவர்கள் போன்றோரை அங்கே உட்கார விடமாட்டார்கள். முன்பதிவில் கிடைத்துவிட்டாலும், விமானத்தில் ஏறியபின் மாற்றிவிடுவார்கள்.

ஒரு பகுதியின் முதல் வரிசையில், முன்னால் தடுப்புச் சுவர் இருக்கும். யாரும் உங்கள் மீது சீட்டைச் சாய்க்க முடியாது என்பது பெரிய நிம்மதி. ஆனால் உயரமானவர்கள் இங்கே ஏமாந்துபோவதுண்டு. சாதாரண வரிசையில் முன் சீட்டுக்கு அடியில் பாதத்தை நீட்டலாம், சுவருக்குள் நீட்ட முடியாதே. சில விமானங்களில் சுவர் தள்ளியிருக்கும், சிலவற்றில் முழங்காலுக்கு எதிரே வந்து நிற்கும்.

கைக்குழந்தைக்கான தொட்டிலை மாட்டுவதும் இந்தச் சுவரில்தான். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு விமானத்திலேயே மிக நல்ல இடம் இது. டிக்கெட் போட்டவுடன் நிறுவனத்தை அழைத்துத் தொட்டில் வேண்டும் என்று பதிவு செய்துவிடுங்கள், எண்ணிக்கை மிகக் குறைவு. எவ்வளவு எடையுள்ள குழந்தை வரை அனுமதி என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை இல்லாமல் தனியாகப் போகிறவர், அமைதியாகத் தூங்க நினைத்தால், வேறு இடம் பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

கழிப்பறை, சமையலறை, கடைசி வரிசை

கழிப்பறைக்கு நேர் முன்னே உள்ள வரிசையையும், பணியாளர்களின் சமையலறையை ஒட்டிய வரிசையையும் தவிர்த்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. கதவு திறந்து மூடும் ஒலி, தண்ணீர் உறிஞ்சும் இரைச்சல், வெளிச்சம், வரிசையில் நிற்பவர்கள் என்று விடிய விடிய ஓயாது. கழிப்பறை அருகில் வேண்டும் என்பவர்கள் நாலைந்து வரிசை தள்ளி எடுத்தால் போதும்.

பின்னால் சுவர் இருக்கும் சீட்டுகள் முழுதாகச் சாயாமல் போகலாம், சில சாயவே சாயாது. சில விமானங்களில் அவசரவழிக்கு முன்னால் உள்ள வரிசைக்கும் இதே குறை உண்டு.

ஆனாலும் வால்பகுதியை முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். விமானத்தின் உடல் பின்னால் போகப்போக ஒடுங்கும். 777-இல் கடைசிச் சில வரிசைகளில் ஜன்னல் பக்கத்தில் மூன்று சீட்டுக்கு இடமில்லாமல் இரண்டாகக் குறைந்துவிடும். வரைபடத்தில் 3-4-3 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 2-4-2 ஆவதைக் காணலாம். தம்பதியோ, அம்மாவும் பிள்ளையுமோ, இருவராகப் பறப்பவர்களுக்கு இது அருமையான இடம். மூன்றாம் நபர் யாரும் இல்லை, ஜன்னல் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே பை வைக்குமளவு இடைவெளியும் கிடைக்கும்.

குலுக்கல், சத்தம், வெயில்

காற்றுக் குலுக்கலுக்குப் பயப்படுபவர்கள் இறக்கைக்கு மேலே உள்ள வரிசைகளை எடுங்கள். ஏற்றப்பலகை விளையாட்டில் ஓரங்களில் இருப்பவர் ஏறி இறங்க, நடுவில் இருப்பவர் அதிகம் அசையாமல் இருப்பார் இல்லையா, அதே கணக்குதான். விமானத்தின் எடை மையம் இறக்கையை ஒட்டி இருக்கிறது, அதிலிருந்து விலகிப் போகப்போக அசைவு கூடுகிறது. வால்பகுதியில் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஆடும். நடுவில் இருந்தால் குலுங்காது என்று அர்த்தமில்லை, குறைவாகத் தெரியும்.

சத்தம் வேறு விதம். எஞ்சினின் இரைச்சல் பின்பக்கம்தான் அதிகம் வீசுகிறது. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் வரிசைகள் அமைதியானவை. எகானமியில் இதற்கு நெருக்கமானது முன்பகுதிதான். சீக்கிரம் இறங்கி இணைப்பு விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் அதுவே நல்லது.

ஜன்னலில் வேடிக்கை பார்க்க ஆசை என்றால் இறக்கை மறைக்காத இடம் வேண்டும். இறக்கைக்கு நன்றாக முன்னால், அல்லது நன்றாகப் பின்னால். சில விமானங்களில் "ஜன்னல்" சீட்டுக்கு நேராக ஜன்னலே இல்லாமல் வெறும் சுவர் மட்டும் இருக்கும் வரிசைகளும் உண்டு. நிறுவனம் காட்டும் வரைபடத்தில் இது தெரியாது. சீட்டுகளையும் ஜன்னல்களையும் அளவு பிசகாமல் வரைந்து தரும் ஏரோலோபா போன்ற தளத்தில் பார்த்தால் தெரியும்.

பகல் நேரப் பயணத்தில் எந்தப் பக்கம் வெயில் என்பதையும் பார்க்கலாம். வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் நண்பகல் சூரியன் தெற்கே இருக்கும். மேற்கு நோக்கிப் பறந்தால் தெற்கு உங்கள் இடப்பக்கம், ஆகவே வலப்பக்கம் நிழல். கிழக்கு நோக்கிப் பறந்தால் இடப்பக்கம் நிழல். தென் அரைக்கோளத்தின் அதே போன்ற பகுதிகளில் இது தலைகீழ். வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு இரவில் பறப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இடப்பக்க ஜன்னல் வடக்கு நோக்கியிருக்கும். வானம் ஒத்துழைக்கும் இரவுகளில் பச்சை நிறத் துருவ ஒளி அந்தப் பக்கம்தான் தெரியும். அதைக் காண ஒரு இரவுத் தூக்கத்தைக் கொடுக்கலாம்.

பாதுகாப்பில் எந்த சீட் மேல்?

எல்லோரும் கேட்கும் கேள்வி என்பதால் சுருக்கமாக. எல்லா விபத்துக்கும் பொருந்தும் பாதுகாப்பான வரிசை என்று ஒன்று கிடையாது. விபத்து எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். பாதி அவசரவழிகளை மட்டும் பயன்படுத்தி, 90 விநாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கிறது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா நிலையத்தில் ஏ350 விமானம் ஓடுபாதையில் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்தபோது, ஏ350-க்குள் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். எந்த சீட்டாக இருந்தாலும், உட்கார்ந்தவுடன் முன்னும் பின்னும் உள்ள அவசரவழிக்கு எத்தனை வரிசை என்று எண்ணிவையுங்கள். புகையில் கண் தெரியாவிட்டாலும் கையால் தடவி எண்ணிப் போகலாம்.

எப்போது எடுப்பது?

இருவர் 3-3-3 அல்லது 3-4-3 விமானத்தில் போகிறீர்கள், விமானம் நிறையாது போலத் தெரிகிறது என்றால், ஒருவர் ஜன்னல், ஒருவர் நடைபாதை ஓரம் எடுத்து நடு சீட்டைக் காலியாக விடலாம். தனியாக வருபவர் யாரும் விரும்பி அதை எடுப்பது அபூர்வம், விமானத்தின் பின்பகுதியில் இன்னும் அபூர்வம். யாராவது வந்துவிட்டால் ஜன்னலையோ நடைபாதையையோ அவருக்குக் கொடுங்கள், மறுக்க மாட்டார்.

பணம் கட்டி முன்பே எடுக்க வேண்டுமா என்றால், குழந்தைகளோடு சேர்ந்து உட்கார வேண்டிய குடும்பத்துக்கும், கால் இடம் கட்டாயம் தேவைப்படும் உயரமானவருக்கும் ஆம். மற்றவர்கள் இணையச் செக்-இன் திறக்கும்வரை பொறுக்கலாம். பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பும், சிலவற்றில் 48 மணி நேரம் முன்பும் திறக்கும். திறந்த கையோடு உள்ளே போனால் நல்ல சீட்டுகள் மிச்சமிருக்கும். டிக்கெட் விற்றது ஒரு நிறுவனம், விமானத்தை ஓட்டுவது இன்னொரு நிறுவனம் என்றால், ஓட்டும் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய தளத்திலேயே சீட்டை எடுங்கள்.

எடுத்தபின் மறந்துவிடாதீர்கள். கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றினால் வரிசை எண் அதே இருக்கும், சுற்றுப்புறம் மாறிவிடும். நேற்று வரை அமைதியாக இருந்த 31-ஆம் வரிசை புது விமானத்தில் கழிப்பறை வாசலில் இருக்கலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், செக்-இன் நேரத்திலும் ஒருமுறை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மாறியிருந்தால் உடனே வேறு சீட் எடுங்கள். அப்போதும் பிடித்தது கிடைக்காவிட்டால், விமானம் ஏறும் வாயிலில் இருக்கும் பணியாளரிடம் கேளுங்கள். வராதவர்களின் சீட்டுகளும் மேல் வகுப்புக்கு மாற்றப்பட்டவர்களின் சீட்டுகளும் அந்த நேரத்தில்தான் காலியாகின்றன. "நடுத் தொகுதியில் ஓர சீட் ஏதாவது இருக்கிறதா?" என்று குறிப்பாகக் கேட்டால், அவர்களுக்கும் தேடித் தருவது சுலபம்.